ஈசிஜி தாள் வெளுத்துப்போகுது, அப்பா ரிப்போர்ட்டை எல்லாம் எப்படிப் பத்திரப்படுத்துறது?

மன்னார்குடி வாசி:
அப்பாவுக்கு 68 வயசு. சுகர், பிரஷர். போன வருஷம் தஞ்சாவூரில் ஸ்டென்ட் வெச்சாங்க. பத்து வருஷச் சீட்டெல்லாம் ஒரே மஞ்சப்பையில கிடக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியைக் காணோம், பழைய ஈசிஜி வெறும் தாளாயிடுச்சு. மிச்சத்தை லேமினேட் பண்ணிடலாமா? ஆபா எண் (அரசாங்கம் தர்ற டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) எடுத்தா எல்லாம் அதுலயே வந்துடுமா?

வடவாறு:
லேமினேட் பண்ணிடாதீங்க. ஈசிஜி பெரும்பாலும் தெர்மல் தாள், சூடு பட்டாத்தான் அதுல கோடே விழும். லேமினேஷன் உருளைக்குள்ள போனா முழுசும் கறுத்துடும். பிவிசி உறையும் ஆகாது. பிளாஸ்டிக்கை மெதுவாக்கச் சேர்க்குற ரசாயனம் கோட்டை அழிச்சிடும். எடுத்த அன்னிக்கே கலர் ஸ்கேன் பண்ணி, அசலைக் காகித உறையில வைங்க. கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸில் இளஞ்சிவப்புக் கட்டம் சில சமயம் விழாது. வழக்கமான வேகத்துல ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி; கட்டம் போனா டாக்டர் எதை வெச்சு அளப்பார்? ஐப்பசி, கார்த்திகையில சுவரெல்லாம் ஓதம் அடிக்கும், மூடி இறுக்கமான டப்பாவில வைங்க.

குடந்தை லேப்:
ஃபைலுக்கு முன்னால ஒரே ஒரு பக்கம்: ஒத்துக்காத மருந்து, இப்போ சாப்பிடுற மாத்திரை (பிராண்ட் பேர் மட்டும் போதாது, மூலப்பொருள், மி.கி., எந்த வேளை), எந்த ரத்தக்குழாய்ல எந்தத் தேதியில ஸ்டென்ட். அவசரத்துல பிரிச்சுப் பார்க்குறது அந்தப் பக்கத்தைத்தான். ஸ்டென்ட் கார்டை பர்ஸிலயே வெச்சிருக்கட்டும்.

கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறது), எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகர்) இரண்டையும் தேதிவாரியா நோட்டில் எழுதுங்க; ஒத்தை ரிப்போர்ட்டைவிட ஏறுதா இறங்குதாங்கிறதுதான் முக்கியம். கோப்புப் பேரில் வருஷம் முதல்ல வரட்டும்: 2025-03-12-கிரியேட்டினின். தானா வரிசையா நிற்கும். ஆஞ்சியோ சிடியில ஒரு படத்தை மட்டும் எடுத்தா பிரயோஜனமில்லை. ஃபோல்டரை அப்படியே பென்டிரைவுக்கு மாத்துங்க. அதுல இருக்குறது டைகாம் (மருத்துவப் படங்களுக்கான தனி வகை) கோப்பு, போன்ல திறக்கலைன்னு அழிச்சிடாதீங்க.

காவிரிக்கரை:
ஆபா 14 இலக்க எண், அவ்வளவுதான். அந்த எண்ணோட இணைச்ச ஆஸ்பத்திரி, லேப் பதிவுதான் அதுல தெரியும். மஞ்சப்பைச் சீட்டை நீங்களே ஸ்கேன் பண்ணி ஆபா ஆப்ல ஏத்தணும்.

சம்மரி போயிடலை. மருத்துவக் கவுன்சிலோட 2002 விதிப்படி உள்நோயாளி பதிவேட்டை 3 வருஷம் வெச்சிருக்கணும், கேட்டா 72 மணி நேரத்துல தரணும். ஐபி நம்பரோட (உள்நோயாளி எண்) மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுத்துல கேளுங்க.

மன்னார்குடி வாசி:
ஐபி நம்பர் பில்லுல இருக்கு. திங்கட்கிழமை போய்க் கேட்குறேன்.