அம்மாவின் தோள் எலும்பு முறிவு: மாக்கட்டுப் போடாமல் விட்டது சரியா?

கோண்டாவில் மகன்:
அம்மாவுக்கு வயது 68. ஐந்து நாளுக்கு முன் கிணற்றடிப் பாசியில் சறுக்கி இடப்பக்கமாக விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் மேற்கை எலும்பு தோளுக்குச் சற்றுக் கீழே முறிந்து, கொஞ்சம் விலகியிருக்கிறது. கழுத்தில் ஒரு பட்டி மாட்டிக் கையைத் தொங்கவிட்டு, அடுத்த கிழமை கிளினிக்குக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மாக்கட்டும் இல்லை, ஒப்பரேசனும் இல்லை. இப்போது முழங்கை வரை கறுத்து நீலம் பாரித்துப் போயிற்று. கனடாவிலிருக்கும் அண்ணா கொழும்புக்குக் கொண்டுபோய் பிளேட் வைக்கச் சொல்கிறார். பெரியம்மா முறிவு வைத்தியரிடம் போகச் சொல்கிறா. யார் சொல்வதைக் கேட்பது?

சுன்னாகம் அக்கா:
தம்பி, பத்துப் போட்டுச் சுகமானவர்களை எனக்கும் தெரியும். ஆனால் முதல் கிழமைகளில் எண்ணெய் தேய்த்து உருவி இழுக்க மட்டும் விட்டுவிடாதே. எங்கள் மாமிக்கு அப்படிச் செய்து, சும்மா இருந்த எலும்பு இன்னும் விலகிப் போனது.

பிசியோ வேலைக்காரி:
கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். முறிந்த இடத்தில் கசிந்த இரத்தம் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். நெஞ்சுப் பக்கமும் வரலாம். விரல்கள் குளிர்ந்தாலோ, வெளிறினாலோ, விறைத்தாலோ, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போனாலோ கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோளுக்கு அவ்வளவு கிட்ட முறிந்தால் மாக்கட்டுப் பிடிக்காது. தொங்கும் கையின் பாரமே எலும்பை ஓரளவு நேரே இழுத்து வைக்கும். பிளேட் விஷயத்தில், 2015இல் வெளிவந்த ப்ரொஃபர் என்ற பிரித்தானிய ஆய்வை அண்ணாவுக்குச் சொல்லுங்கள். இதே இடத்தில் முறிந்து விலகிய 250 பேரில் ஒரு பாதிக்கு ஒப்பரேசன், மறு பாதிக்குப் பட்டி. இரண்டு வருடம் பார்த்தும் கையின் பயன்பாட்டில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வயதானவர்களின் எலும்பு மெத்தென்றிருந்தால் ஸ்குரூ பிடிக்காமல் கழன்றுவிடும் தொல்லையும் உண்டு.

ஆனால் மூட்டே கழன்றவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மூட்டுக் கழன்றாலோ, எலும்பின் தலை, அதாவது தோள் மூட்டுக்குள் இருக்கும் குண்டு, பிளந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ கதை வேறு. அந்தக் குண்டு நொறுங்கிப்போன முதியவர்களுக்கு, மூட்டின் குண்டையும் அது பொருந்தும் கிண்ணத்தையும் இடம் மாற்றிவைக்கும் ரிவேர்ஸ் தோள் மாற்றுச் சத்திரசிகிச்சையும் இருக்கிறது. "எத்தனை துண்டு? எவ்வளவு விலகல்? மூட்டு இடத்தில் இருக்கிறதா?" இந்த மூன்றையும் கிளினிக்கில் கேளுங்கள்.

இணுவில் பைக்:
எனக்கும் இதேதான், பிளேட் வைத்துத்தான் சரியாச்சு. மணிக்கட்டு தொங்கிப்போய் மூன்று மாதம் சோற்றுக் கோப்பை பிடிக்க முடியவில்லை.

பிசியோ வேலைக்காரி:
தம்பி, உங்களுக்கு எலும்பின் நடுத்தண்டு முறிந்திருக்கும். மணிக்கட்டைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது, அதனால் அது அடிபடும். பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாகவே திரும்பி வரும். அங்கேயும் எல்லோருக்கும் பிளேட் தேவையில்லை, பிளாஸ்டிக் பிரேஸ் போட்டே பலருக்குப் பொருந்திவிடும். இந்த அம்மாவின் முறிவு வேறு இடம்.

கோண்டாவில் மகன்:
நன்றி அக்கா. இரவில் படுக்கவே முடியவில்லை என்கிறார். அதற்கு?

பிசியோ வேலைக்காரி:
மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். சாய்மனைக் கதிரை இருந்தால் அதிலேயே சாய்ந்து தூங்கட்டும். முழங்கை பின்னுக்குச் சரியாமல் ஒரு தலையணை. விரலையும் மணிக்கட்டையும் இன்றைக்கே அசைக்கலாம். தோளை டொக்டர் சொன்ன பிறகுதான். ஆனால் ஆறு கிழமை பொத்திப் பொத்தி வைத்தால் எலும்பு பொருந்தும், தோள் இறுகிவிடும். நின்ற நிலையில் விழுந்தே முறிந்ததால் எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது முக்கியம், அடுத்தது இடுப்பாக இருக்கக் கூடாது.

கோண்டாவில் மகன்:
கிளினிக்குக்குப் போய் வந்தோம். இரண்டு துண்டுதான், மூட்டு இடத்தில் இருக்கிறது, புது எக்ஸ்ரேயிலும் கூடுதலாக விலகவில்லை. ஒப்பரேசன் வேண்டாமாம். அண்ணாவுக்கு எக்ஸ்ரேயைப் படமெடுத்து அனுப்பினேன், அவருக்கு அரை மனம். மேசையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு மெல்ல வட்டம் போடக் காட்டித் தந்தார்கள். "ஆட்டுக்கல்லில் உழுந்து அரைக்கச் சொல்லுறாங்கள்" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார். கிணற்றடிப் பாசியை நேற்றுத்தான் சுரண்டி முடித்தேன்.