பிரான்ஸ் கிராமப்புறத்தில் சரளைப் பாதைச் சைக்கிள் பயணம்: எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்?

கேள்வி (பாலிக் புலாவ், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மே மாதக் கடைசியில் நானும் மனைவியும் இரண்டு வார விடுப்பில் பிரான்சுக்குச் சென்று, கார்கள் அதிகம் வராத சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட விரும்புகிறோம். இங்கே வார இறுதிகளில் பாலிக் புலாவ் கம்பத்துப் பாதைகளிலும், நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகளிலும் ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள். தெலுக் பகாங் ஏற்றத்தை நிதானமாக ஏறிவிடுவோம். ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர் எங்களுக்கு வசதியான அளவு.

துலூஸில் தொடங்கி, கனால் டு மிடி கால்வாயின் கரையோடு மத்தியதரைக் கடலோரத்துச் செத் நகரம் வரை சுமார் 240 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மீதி நாள்களில் மாசிஃப் சென்ட்ரல் மலைப்பகுதிக்குப் போகலாம் என்பது இப்போதைய எண்ணம். கால்வாய்க் கரை 40 மில்லிமீட்டர் டயருக்கு ஏற்றதா? மலைப்பகுதியை எங்களால் சமாளிக்க முடியுமா? மனைவி சைவம் என்பதால் உணவு பற்றியும் யாராவது தெளிவுபடுத்தினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (செராஸ், கோலாலம்பூர்)

ஐயா, கால்வாயைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். அந்தக் கரையில் ஓட்டும்போது, சுற்றிலும் மேடும் பள்ளமுமான நிலம் இருக்க, நம் பாதை மட்டும் எப்படி இவ்வளவு சமமாகப் போகிறது என்ற வியப்பு நாள் முழுவதும் கூடவே வரும். 1666இல் தொடங்கி 1681இல் முடிந்த அந்தக் கால்வாயைக் கட்டிய பியேர் போல் ரிக்கே, கருமலை எனப்படும் மோன்தாங் நுவார் மலையின் ஓடைகளைத் திருப்பி, நொரூஸ் என்ற மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரத்திலுள்ள அந்த மேட்டிலிருந்து தண்ணீர் ஒருபுறம் அட்லாண்டிக் பக்கமும் மறுபுறம் மத்தியதரைக் கடல் பக்கமும் இறங்குகிறது. அந்த இடத்தில் கட்டாயம் இறங்கி நின்று பாருங்கள்.

பாதையைப் பொறுத்தவரை, துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குத் தார் போட்ட சைக்கிள் பாதை. அதற்குப் பிறகு மண்ணும் சரளையும் மாறி மாறி வரும். பல பகுதிகளைச் சீரமைத்திருக்கிறார்கள். சீரமைக்காத இடங்களில் கரையோரத்தில் நிழலுக்காக நட்ட பிளேன் என்ற மரங்களின் வேர்கள் விரல் பருமனிலிருந்து முழங்கை பருமன் வரை பாதைக்குக் குறுக்கே புடைத்துக்கொண்டிருக்கும். மர நிழலும் வெயிலும் பட்டை பட்டையாக விழுவதால் அவை கண்ணுக்குச் சட்டெனத் தெரியமாட்டா. 40 மில்லிமீட்டர் டயர் போதும், ஆனால் காற்றை இறுக்கமாக அடைக்காதீர்கள்.

ஒரு வேதனையையும் சொல்லவேண்டும். 2006இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஒன்றினால் அந்த மரங்களில் பல ஆயிரம் வெட்டப்பட்டுவிட்டன. புதிய வகை மரங்களை நட்டு வருகிறார்கள், இருந்தாலும் நிழலே இல்லாத நீண்ட பகுதிகள் இப்போது உண்டு. தண்ணீரை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு)

செராஸ் நண்பர் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டச் சாலைகளில் ஓட்டிப் பழகிய உங்கள் இருவருக்கும் கால்வாய் முழுவதையும் முடிப்பது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. சமதளத்தில் நான்கு நாள் ஓட்டினால் நான்காம் நாள் முதல் நாளைப் போலவேதான் இருக்கும். வழியிலுள்ள பெசியேர் நகரம் வரை ஓட்டுங்கள். நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும், படிக்கட்டாக அடுக்கிய ஃபோன்செரான் மதகுகளில் படகுகள் 21 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதைப் பாருங்கள். பிறகு கால்வாயை விட்டுவிடுங்கள். அங்கிருந்து மீயோ நகரம் வழியாக வடக்கே மலையேறும் ரயில் பாதை இருக்கிறது. ஒரு நாளைக்கு ஓடும் ரயில்கள் மிகக் குறைவு என்பதால் நேர அட்டவணையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எந்த ஊருக்குப் போனாலும் வரைபடத்தில் தூரத்தைப் பார்ப்பதற்கு முன் மண்ணைப் பார்ப்பது என் வழக்கம். நம் செம்மண் சாலை காய்ந்திருந்தால் சிமெண்டு போல இருக்கும். ஒரு மழை பெய்ததும் டிராக்டர் தடம் இரண்டும் குழம்பாகி, நடுவிலுள்ள புல்வரிசையில்தான் ஓட்டவேண்டியிருக்கும். பிரான்சிலும் வழியைத் தீர்மானிப்பது இதே கணக்குதான். துலூஸுக்குக் கிழக்கேயுள்ள லொராகே வயல்வெளி களிமண் நிலம். மழைக்குப் பின் கால்வாய்க் கரையை விட்டு வயல் பாதைக்குள் இறங்கினால் மண் டயரில் ஒட்டி, சக்கரமே சுழலாது. மீயோவுக்கு வடக்கே உள்ள கோஸ் மேஜான் பீடபூமி சுண்ணாம்புக்கல் நிலம். அங்கே மழைநீர் விழுந்த வேகத்தில் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிவிடுவதால், வெள்ளைச் சரளைப் பாதை ஒரு மணி நேரத்தில் ஓட்டத் தகுதியாகிவிடும். அதற்கும் வடக்கே மார்ஜெரீட் பகுதி கருங்கல் நிலம். அங்குள்ள பைன் காட்டுப் பாதைகளில் கருங்கல் உதிர்ந்த பருமணல்தான் கிடக்கும். அதுவும் நீரைத் தேக்கி வைக்காது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நீர் உள்ளே இறங்கிவிடுகிற நிலத்தில் ஓடையும் கிடையாது, ஊற்றும் அரிது. கோஸ் மேஜான் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், மரங்கள் குறைந்த புல்வெளியாக, ஆட்டு மந்தைகளும் சில கற்குடியிருப்புகளும் மட்டும் உள்ள நிலம். ஆளுக்கு மூன்று லிட்டர் இல்லாமல் மேலே ஏறாதீர்கள். வில்லாரே என்ற சிற்றூரின் அருகே, 1990களிலிருந்து அங்கு வளர்க்கப்படும் பிரஜெவால்ஸ்கி காட்டுக் குதிரைகளைப் பாதையிலிருந்தே பார்க்கலாம்.

ஏற்றத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏற ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறவேண்டும். ஆனால் சாலை வளைந்து வளைந்து போவதால் நம் கொடிமலை ஜீப் பாதையின் செங்குத்து அங்கே கிடையாது. மோர்வானிலிருந்து மத்தியதரைக் கடல் வரை சுமார் 1,400 கிலோமீட்டருக்குப் பலகை நட்டுக் குறித்த பெருவழி ஒன்று இந்தப் பக்கமாகத்தான் போகிறது. ஆனால் அது மலைச் சைக்கிள்களுக்காக அமைக்கப்பட்டது. உருளைக்கற்கள் நிறைந்த இறக்கங்களில் அதை அப்படியே பின்பற்றாமல், பக்கத்துச் சிற்றூர்ச் சாலைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3 (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

வணக்கம் அண்ணா. நானும் சைவம் என்பதால் அக்காவுக்காக இதை எழுதுகிறேன். கிராமத்து உணவகத்தில் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. பச்சைக் காய்கறிச் சாலட்டின் மேலும் பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தருவார்கள். இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி விலக்குங்கள். ஓப்ராக் மேட்டுநிலப் பக்கம் போனால் உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்து நூலாக இழுபடும்வரை கிண்டிய அலிகோ கிடைக்கும். நாள் முழுவதும் மிதித்த உடம்புக்கு அது ஒன்றே போதும்.

அதைவிட நல்ல வழி, ழீத் தெத்தாப் எனப்படும் நடைப்பயணிகள் விடுதிகளில் தங்குவது. பெரும்பாலானவற்றில் சமையலறை இருக்கும். லு புய் பகுதியின் பச்சைப் பருப்பு எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். வீட்டிலிருந்து ரசப்பொடி ஒரு பொட்டலமும் பெருங்காயமும் கொண்டு போனால் இரவுச் சாப்பாடு நிறைவாக முடிந்துவிடும். கிராமக் கடைகள் நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் மூடப்படும். ஞாயிறு பிற்பகலிலும் பல ஊர்களில் திங்கட்கிழமையும் திறக்கமாட்டா. மே மாதத்தில் பொது விடுமுறைகளும் அதிகம். எனவே மறுநாள் காலைக்கான ரொட்டியை முந்தைய நாளே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டங்களைத் தேடுங்கள். செடிகளுக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லாவற்றிலும் குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கத் தகாத நீர் என்ற அறிவிப்பு இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அதிவேக ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும், அல்லது கழற்றி உறையில் போட வேண்டும். வட்டார ரயில்களில் பொதுவாக அப்படியே ஏற்றிவிடலாம்.

கேள்வி கேட்டவர் (பாலிக் புலாவ்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெசியேரில் கால்வாயை விட்டு மீயோவுக்கு ஏறுவது என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். ஆட்டு மந்தை என்றதும் காவல் நாய்களைப் பற்றி மனைவி கேட்கிறார். தோட்டத்து நாய் துரத்தினால் நாங்கள் வேகமாக மிதித்துத் தப்பித்துவிடுவோம். அங்கேயும் அப்படித்தானா?

மறுமொழி 4 (புக்கிட் மெர்தாஜாம்)

வேண்டவே வேண்டாம், ஐயா. ஓநாய்களிடமிருந்து மந்தையைக் காக்க வளர்க்கப்படும் பாத்தூ எனப்படும் பெரிய வெள்ளை நாய் வேகமாக நகரும் எதையும் மந்தைக்கு ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். அது குரைத்துக்கொண்டு ஓடிவந்தால் உடனே இறங்கிவிடுங்கள். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அமைதியான குரலில் பேசியபடி, மந்தையைச் சுற்றி அகலமாக நடந்து போங்கள். நீங்கள் யார் என்று மோந்து பார்த்துவிட்டு அது பெரும்பாலும் திரும்பிவிடும். கல் எடுப்பதோ கையை ஓங்குவதோ கூடாது.

இன்னொன்று: சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையிலும் சட்டகத்திலும் இடமிருந்தால் 45 மில்லிமீட்டர் டயருக்கு மாறிவிடுங்கள். கால்வாயில் அது தேவைப்படாது, ஆனால் சுண்ணாம்புக்கல்லின் கூரிய விளிம்புகள் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கக்கூடியவை. கிழிசலுக்கு உள்ளே வைத்து அடைக்கத் தடிமனான ரப்பர்த் துண்டு ஒன்றைக் கருவிப்பையில் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மேட்டில் பழுது பார்க்கும் கடைக்குப் போகவேண்டுமானால் பள்ளத்தாக்குக்குத்தான் இறங்கவேண்டும்.