பிளஸ் டூ முடித்துவிட்டேன், தடய அறிவியல் படிக்கலாமா? (கோத்தகிரி)

கோத்தகிரி மாணவி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பயாலஜி குரூப் எடுத்தேன், மதிப்பெண் அதிகம் வந்தது வேதியியலில். ஒரு ஏக்கருக்கும் குறைவான தேயிலைத் தோட்டம், பசுந்தேயிலை விலையை நம்பித்தான் வீடு ஓடுகிறது.

போன வருடம் எங்கள் ஊருக்கு மேலே சோலை ஓரத்தில் ஒருவர் இறந்து கிடந்தார். மூன்று நாளாக விடாத மழை. போலீஸோடு ஒரு மேடமும் வந்தார், தடய அறிவியல் அலுவலர் என்று சொன்னார்கள். ஊரே கூடி நின்று பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் யாரோடும் பேசாமல், குடையைக்கூட அந்த இடத்துக்கு மேலே பிடிக்கச் சொல்லிவிட்டுத் தான் நனைந்துகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அந்த மழையிலும் பிளாஸ்டிக் கவர் இல்லை, காகிதக் கவர்தான். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து இந்த வேலைதான் வேண்டும் என்று இருக்கிறேன்.

கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பிஎஸ்சி தடய அறிவியல் இருக்கிறது, மூன்று வருடத்துக்கு எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் ஆகும் என்கிறார்கள். அப்பா கடன் வாங்கவும் தயார். இன்னொரு பக்கம் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி வேதியியல் கிடைக்கும். எது சரி? அரசு வேலை இதில் உண்மையில் இருக்கிறதா? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

பழைய ஆய்வகம் எழுதியது:

வணக்கம்மா. ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் அந்தக் காகிதக் கவர் விஷயம். கவனித்திருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

ரத்தம் பட்ட துணி ஈரமாக இருக்கும்போது பிளாஸ்டிக்கில் போட்டுக் கட்டினால் ஈரம் வெளியே போகாது. பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகி டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். அதனால் காகிதம், அதுவும் ஒரு பொருளுக்கு ஒரு கவர். கொண்டுபோனதும் பிரித்து, வெயிலிலோ ஹீட்டர் முன்னாலோ வைக்காமல் நிழலில் காற்றாட உலர்த்திவிட்டுத்தான் மறுபடி கட்ட வேண்டும். உங்கள் ஊரில் ஜூலை மாதம் ஒரு சட்டை காய எத்தனை நாள் ஆகும் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். மலையிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்தால் பூஞ்சை வாடை மூக்கில் ஏறும், உள்ளே இருந்த வேட்டியில் ரத்த வகைகூடச் சொல்ல முடியாமல் போயிருக்கும். அப்படிச் சில வழக்குகளில் நானே 'முடிவு கூற இயலவில்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இறந்துபோனவருடைய வீட்டாரை நினைத்தால் இப்போதும் மனசு கேட்காது. ஆய்வகத்தில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் சரி, நீங்கள் பார்த்த அந்த மேடம் அங்கே செய்த வேலை தவறினால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி படிப்பு. தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வயது அதிகம். 1849-லேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கிவிட்டது, இந்தியாவில் அதுதான் முதல். இன்று தலைமை ஆய்வகம் சென்னையில், வட்டார ஆய்வகங்கள் கோவை, மதுரை, சேலம், திருச்சி என்று பல ஊர்களில், மாவட்டங்களில் நடமாடும் பிரிவுகள். இளநிலை அறிவியல் அலுவலர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி வழியாக ஆள் எடுக்கிறார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரிவு வாரியாக வரும். இதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். அறிவிப்பில் எந்தப் பட்டத்தின் பெயர் இருக்கிறதோ அந்தப் பட்டம் உங்கள் கையில் இருக்க வேண்டும். பெயர் வேறாக இருந்தால் அதற்கு இணைத்தன்மை அரசாணை, அதாவது இரண்டு பட்டமும் சமம் என்று அரசு போட்ட உத்தரவு, இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்றால், தேர்வில் பாஸ் செய்த பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே வர வேண்டியதுதான். வேதியியலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஊட்டியில் பிஎஸ்சி வேதியியல், பிறகு எம்எஸ்சி. தடய அறிவியல் என்ற பெயர்தான் வேண்டும் என்றால் அதை எம்எஸ்சியில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு லட்சம் கடன் இப்போது வேண்டாம்.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். முக்கால்வாசி நேரம் மேசைதான். விஷம் குடித்து இறந்தவர்களின் உள்ளுறுப்புகள் உப்புக் கரைசலில் பாட்டிலில் வரும். சில நேரம் யாரோ ஃபார்மலினில் போட்டு அனுப்பியிருப்பார்கள், தலையில் கை வைத்துக்கொள்வோம், ஏனென்றால் விஷத்தைப் பிரித்தெடுப்பதை அது கெடுத்துவிடும். தோட்டப் பகுதிகளிலிருந்து வருவதில் பூச்சிமருந்துதான் நிறைய. ஒவ்வொன்றையும் பிரித்து, சோதித்து, எழுதி, சீல் வைத்து அனுப்பிய பிறகு நான்கு வருடம் கழித்துக்கூட நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும். கூண்டில் ஏறி, அன்று எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிய துணித் துண்டுகளையும் வயர்களையும் சேர்த்துப் பார்த்து, வெடித்தது உடலோடு கட்டியிருந்த பெல்ட் குண்டு என்று கண்டுபிடித்தது எங்கள் துறைதான். அப்போதைய இயக்குநர் பி. சந்திரசேகரன் தலைமையில் நடந்த வேலை அது. 2000-ல் அவருக்குப் பத்ம பூஷண் கொடுத்தார்கள். துண்டு துண்டாகப் பொறுக்கி அடுக்கும் பொறுமைதான் அங்கே பேசியது.

மஞ்சூர்க்காரன் எழுதியது:

தங்கச்சி, ஐயா சொன்னதைக் கேளுங்கள், நான் கேட்காமல் போனவன். எட்டு வருடம் முன்னால் தனியார் கல்லூரி ஒன்றில் பிஎஸ்சி தடய அறிவியல் சேர்ந்தேன், கல்லூரி பெயர் வேண்டாம். சேரும்போது நூற்றுக்கு நூறு வேலை என்றார்கள். இரண்டு துப்பாக்கிக் குண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டு நுண்ணோக்கி ஒன்று லேபில் இருந்தது, மூன்று வருடமும் அதன் மேல் போட்ட துணியை எடுத்து நான் பார்த்ததில்லை. முடித்ததும் கிடைத்த வேலை, லோன் கேட்டு வருபவர்களின் சம்பளச் சீட்டு நிஜமா போலியா என்று போனில் விசாரிப்பது. வீட்டில் எருமையை விற்றுக் கட்டிய ஃபீஸ் அது.

படிப்பே தப்பு என்று சொல்லவில்லை. காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம், அங்கே கருவியைத் தொட்டுப் படிக்கலாம். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஆபீஸில் உட்கார்ந்து பேசாதீர்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், போன வருடம் முடித்த இரண்டு பேருடைய நம்பரைக் கேளுங்கள். தர மறுத்தால் பேசாமல் பஸ் ஏறிவிடுங்கள்.

நான் பிறகு சைபர் பக்கம் போய்விட்டேன், இப்போது நன்றாக இருக்கிறேன். அங்கேயும் இதே கதைதான் தெரியுமா, காகிதக் கவருக்குப் பதில் ரைட் பிளாக்கர், டிஸ்கில் எதுவும் புதிதாக எழுதப்படாமல் தடுக்கும் கருவி. கைப்பற்றிய ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாமல் பிரதி எடுத்து, இரண்டுக்கும் ஹாஷ் எண், அதாவது உள்ளே இருப்பதை வைத்துக் கணினி கணக்கிடும் அடையாள எண், ஒன்றுதான் என்று காட்ட வேண்டும். அது மாறினால் வழக்கு போச்சு.

ரேகை எழுதியது:

நான் விரல்ரேகைப் பிரிவில் எஸ்ஐ. பாப்பா, ஐயா ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார், இன்னொரு வழியும் இருக்கிறது. விரல்ரேகைப் பிரிவு தனி, காவல்துறைக்குள் வரும், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கும். அறிவியல் பட்டம் இருந்தால் எழுதலாம், எம்எஸ்சி வரை காத்திருக்க வேண்டாம், குடும்பத்துக்குச் சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்றால் இதை யோசியுங்கள். பெண்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள்.

இது நம் நாட்டிலேயே பிறந்த கலை என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். உலகின் முதல் விரல்ரேகைப் பணியகம் 1897-ல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அலுவலர்களின் உழைப்பு பெரியது, ஆனால் அந்த முறைக்கு நிலைத்த பெயர் மேலதிகாரி ஹென்றியுடையது. இன்று ஒரு ரேகையை எடுத்தால் நாடு முழுக்க உள்ள பதிவுகளோடு கணினியில் ஒப்பிடலாம், 2022-ல் அந்த வசதி வந்துவிட்டது.

மலையில் எங்களுக்குப் பெரிய எதிரி பனிதான். காலை ஆறு மணிக்கு உடைத்த கடைக்குப் போனால் கண்ணாடி முழுக்க வியர்த்திருக்கும், அதில் பவுடர் போட்டால் மாவு மாதிரி அப்பிக்கொண்டு இருந்த ரேகையும் போய்விடும். காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரப் பரப்புக்கென்று இருக்கும் திரவத்தைத் தெளிக்க வேண்டும். கடைக்காரர் 'சீக்கிரம் முடிங்க சார், வியாபாரம் போகுது' என்று நிற்பார். நாம் போவதற்குள் பத்துப் பேர் கதவைத் தொட்டிருப்பார்கள். இதையெல்லாம் கோபப்படாமல் சமாளிக்கத் தெரிய வேண்டும். புத்தகத்தில் வராது.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், ஏழு வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய நிபுணர் நேரில் போய்ச் சான்றுகளைச் சேகரிக்க வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மாநிலங்கள் ஐந்து வருடத்துக்குள் இதற்குத் தயாராக வேண்டும். நீங்கள் எம்எஸ்சி முடிக்கும் காலமும் கிட்டத்தட்ட அதுதான், ஆள் தேவைப்படும்.

கூடலூர் அக்கா எழுதியது:

எல்லாரும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், நம் மாவட்டத்தில் பாதி காடு இருக்கிறது! வனவிலங்குத் தடயவியல் என்று ஒன்று இருக்கிறது கண்ணு. மாட்டைப் புலி அடித்துவிட்டால், அந்தக் கோபத்தில் மிச்சச் சடலத்தில் பூச்சிமருந்து தடவி வைப்பவர்கள் உண்டு. திரும்ப வரும் புலி அதைத் தின்று செத்துக் கிடக்கும். எதனால் செத்தது என்று சொல்ல, கால்நடை மருத்துவர் எடுக்கும் மாதிரியைச் சோதிப்பதும் நீங்கள் படிக்கப்போகும் அதே வேதியியல்தான்.

புலி நகம் என்று விற்பதில் மாட்டுக் கொம்பில் செதுக்கிய போலியும் உண்டு. ஒரு துண்டு இறைச்சி மானா ஆடா என்பதற்கு டிஎன்ஏ பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற மத்திய உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தின் லாகோன்ஸ் ஆய்வகம் இதில் பேர் பெற்றது. சென்னை வண்டலூரிலும் வனத்துறையின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வேலை எண்ணிக்கை குறைவு, அதை மறைக்க மாட்டேன். நானே திட்டம் திட்டமாகத்தான் ஓடுகிறேன், ஒரு திட்டம் முடிந்தால் அடுத்தது வரும்வரை சம்பளம் இருக்காது. ஆனால் ஊட்டி கல்லூரியில் வனவிலங்கு உயிரியலும் இருக்கிறது, சேர்ந்ததும் அந்தத் துறையில் போய்ப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி மாணவி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மஞ்சூர் அண்ணா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், எருமை விற்றது வந்ததும் அப்பா ஒன்றும் பேசவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது 'ஊட்டியே பார்க்கலாம்' என்றார். வேதியியலுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஐயா, ஒரே ஒரு கேள்வி. கூண்டில் ஏறிப் பேச வேண்டும் என்றீர்களே, எனக்கு வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே குரல் நடுங்கும். அதற்கு என்ன செய்வது?

பழைய ஆய்வகம் எழுதியது:

முதல் தடவை எனக்கும் நடுங்கியது அம்மா. சேலத்தில் ஒரு வக்கீல், பாட்டிலில் சீல் எத்தனை இருந்தது என்று கேட்டார், நான்கு என்று குறிப்பில் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்துச் சொன்னதும் நடுக்கம் நின்றுவிட்டது. ஊட்டியில் சேர்ந்ததும் லீவு நாளில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள். பொதுவாக விசாரணை எல்லாரும் பார்க்கத் திறந்த அறையில்தான் நடக்கும், பின் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டாக்டரோ எங்கள் ஆட்களோ சாட்சி சொல்லும் நாளாகப் பாருங்கள். குறுக்கு விசாரணையில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். லேபில் செய்முறை ரெக்கார்டு எழுதும்போதும் அப்படியே, அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே, பேனாவில், தப்பாக எழுதினால் மேலே ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்கள். வொயிட்னர் வாங்கவே வாங்காதீர்கள்.