இரும்புக்கு மட்டும் ஏன் இரண்டு மின்சுமை?

கேள்வி:
மகள் பத்தாம் வகுப்பு. சோடியம் +1, மெக்னீசியம் +2, அலுமினியம் +3 என்று வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எண்ணிச் சொல்லிக்கொடுத்தேன். கடகடவென்று பிடித்துக்கொண்டாள். இரும்பில்தான் மாட்டிக்கொண்டோம். வெளிக்கூட்டில் இருப்பது இரண்டே எலக்ட்ரான். பெரிக் குளோரைடில் +3 என்றால், மூன்றாவது எங்கிருந்து போனது? மனப்பாடம் செய் என்று சொல்ல மனம் வரவில்லை.

பதில் 1:
உள்கூட்டில் இருந்து. வெளிக்கூட்டை எண்ணும் கணக்கு கால்சியம் வரைதான் ஒழுங்காக ஓடும்.

பதில் 2:
முப்பது வருடம் பள்ளி ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு நடத்தியவன் நான். இரும்பின் அணு எண் 26. வெளியே இரண்டு எலக்ட்ரான், அதற்கு உள்ளே 3டி என்ற துணைக்கூட்டில் ஆறு. முதலில் வெளியே இருக்கும் இரண்டும் போகும், அது பெரஸ், அதாவது +2. 3டி-யில் ஐந்து அறை, ஆறு பேர். ஒரு அறையில் மட்டும் நெருக்கடி, அங்கிருந்து ஒருவர் கிளம்பினால் பெரிக், அதாவது +3.

கிளம்பச் செலவாகும் ஆற்றலையும் பாருங்கள். சோடியத்தின் முதல் எலக்ட்ரானுக்கு மோலுக்கு 496 கிலோஜூல், இரண்டாவதற்கு 4562. ஒன்பது மடங்கு! அதனால் +1-உடன் நின்றுவிடும். இரும்பில் 762, 1562, 2957. மூன்றாவது இரண்டாவதைப் போல இரு மடங்குகூட இல்லை. சுற்றியிருக்கும் நீரோ ஆக்சைடோ அந்தச் செலவை ஈடுகட்டிவிடும்.

மகளுக்குக் கண்ணால் காட்டலாம். பெரஸ் சல்பேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால், குளத்துப் பாசி மாதிரி அழுக்குப் பச்சையாகக் கொழகொழவென்று வீழ்படிவு வரும். சோதனைக்குழாயை அசைக்காமல் வையுங்கள். காற்று படும் மேல் விளிம்பு மட்டும் முதலில் பழுப்பாகும், அப்புறம் பழுப்பு மெல்லக் கீழே இறங்கும்; பச்சை +2, பழுப்பு +3. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

கேள்வி கேட்டவர்:
சார், எங்கள் போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், பொழுது விடிந்தால் குடத்தின் அடியில் காவி நிறத்தில் படிந்திருக்கும். அதுவும் இதுதானா?

பதில் 2:
அதேதான். நிலத்தடியில் காற்று இல்லாததால் +2 ஆகக் கரைந்து கிடக்கிறது, மேலே வந்ததும் +3 ஆகி ஹைட்ராக்சைடாகப் படிகிறது. ஒரு பாட்டிலில் தளும்பத் தளும்பப் பிடித்து இறுக மூடுங்கள், இன்னொரு பங்கை அகலத் தட்டில் ஊற்றி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வைத்தோம் சார். காலையில் தட்டில் மஞ்சள் ஏடு, பாட்டில் கிட்டத்தட்ட தெளிவு. இப்போது அவள் தாமிரத்தைப் பிடித்துக்கொண்டாள்: வெளியே ஒரே எலக்ட்ரான், மயில்துத்தத்தில் எப்படி +2?