பழைய கேஸை வைத்துப் புதுப் பிரச்சினையைத் தீர்க்க முடியுமா?

கேள்வி: பிரிண்டர் கோளாறுக்குத் தீர்வு சொல்லும் புரோகிராம் எழுதுகிறேன், விதி விதியாக எழுதி அலுத்துவிட்டது, ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று இடிக்கிறது. பழைய புகார்களையும் தீர்வுகளையும் சேர்த்து வைத்து அதிலிருந்தே பதில் எடுக்கலாமா?

பதில் 1: தாராளமாக. கேஸ் பேஸ்டு ரீசனிங் என்று தேடுங்கள்; ஒரு பழைய புகாரும் அதன் தீர்வும் சேர்ந்தது ஒரு கேஸ், அதை வைத்துப் புதியதற்குத் தீர்வு காணும் முறை இது. 1994-இல் ஆமோட், பிளாசா என்ற இரு ஆய்வாளர்கள் இதை நாலு படியாகச் சொன்னார்கள்: ஒத்த கேஸைத் தேடி எடு, அதன் தீர்வைப் பயன்படுத்து, பொருந்தாததைத் திருத்து, புது அனுபவத்தைச் சேமி. நாலாவதை விட்டுவிடாதீர்கள், சிஸ்டம் கற்றுக்கொள்வதே அங்கேதான்.

பதில் 2: தேடுவதில்தான் சிக்கல். 'தாளில் கோடு விழுகிறது' என்று இரண்டு புகார் வரும், ஒன்றில் டிரம்மில் (பிரிண்டருக்குள் மைத்தூள் ஒட்டும் உருளை) கீறல், இன்னொன்றில் ஸ்கேனர் கண்ணாடியில் அழுக்கு. நகலெடுக்கும்போது மட்டும் வருகிறதா என்பதையும் பதிந்திருந்தால்தான் பிரிக்க முடியும்.

கேட்டவர்: சரி, பலிக்காத தீர்வையும் சேமிக்கலாமா?

பதில் 1: கண்டிப்பாக, ஏன் பலிக்கவில்லை என்பதோடு.