மறுமொழி: அலுவலகத் தொகுப்போடு கேட்காமல் வரும் கூறுகளுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

எங்கள் கணினிக் கையேடு நாளை காலை அச்சுக்குப் போகிறது, இந்தக் கூறுகளின் பெயர் வரவேண்டிய ஓர் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. 'திணிகூறு' என்று நான் முன்மொழிந்ததற்கு நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

தேவையை மறுபடி சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் 12 கணினிகள், வட்டு ஒவ்வொன்றும் 64 ஜிபிதான். பிள்ளைகள் கடிதம் எழுதவும் கணக்குத்தாள் போடவும் ஓர் அலுவலகத் தொகுப்பை நிறுவினோம். கூடவே தரவுத்தளம், மின்னஞ்சல், கூட்டச் செயலி, மேகச் சேமிப்பு என்று எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டு, கணினியைப் போட்டதும் அவையும் எழுந்துகொள்கின்றன. எடுத்துப் போட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

> கொசுறு என்றே சொல்லலாமே, எல்லோருக்கும் புரியும்.

தவறாகப் புரியும் ஐயா. கொசுறு நாம் கேட்டு வாங்குவது. காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்கிறோம், கிடைத்தால் மகிழ்கிறோம். அது தெலுங்குக் கொசரு என்று ஒருவர் எழுதியது எனக்குத் தடையே இல்லை, பொருள்தான் தடை.

> இடைச்செருகல்?

மிகவும் பிடித்தது. ஆனால் அது மூல ஆசிரியர் அறியாமல் பின்னால் வந்தவர் நுழைப்பது. இங்கே நுழைப்பவர் தொகுப்பைச் செய்தவரேதான்.

> நன்னூலார் பத்துக் குற்றங்களில் கடைசியாக வைத்த 'நின்று பயனின்மை'க்கு மேல் என்ன சொல் வேண்டும்? 'மிகைபடக் கூறல்' என்பதிலிருந்து 'மிகைக்கூறு' என்றாவது வையுங்கள். பீலிபெய் சாகாடும் அச்சிறும்.

அம்மா, நின்று பயனின்மையை நாள் முழுக்க மனத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவு பொருத்தம். ஆனால் திரையில் ஒரு பொத்தானுக்குள் அடங்காது. மிகைக்கு வருகிறேன்: குற்றம் அளவில் இல்லை, கேட்காததில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2010இல் நிறுவும்போதே வேண்டாத செயலியை விலக்க ஒரு திரை இருந்தது. 2013 முதல் பரவலான கிளிக்-டு-ரன் என்ற நிறுவல் முறையில் அந்தத் திரை இல்லை. ஆக்சஸ் என்ற தரவுத்தளச் செயலி வேண்டாமென்றால் தனிக் கருவி ஒன்றை இறக்கி, எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் அமைந்த கோப்பில் விலக்கு எழுத வேண்டும். எந்த ஆசிரியர் எழுதுவார்? லிப்ரே ஆஃபிஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பின் நிறுவியில் இன்றும் அகராதிகளைக்கூட மொழி மொழியாக விலக்கலாம். கேட்டுவிட்டுப் போட்டால் பத்துக் கூறு வந்தாலும் எனக்குக் குறையில்லை.

அதனால்தான் 'திணிகூறு' என்றேன். திணி என்ற சொல்லின் வேரைத் தேடி, 'மண் திணிந்த நிலன்' என்று புறநானூற்றில் தொடங்கி, திண்மை, திண்ணை, திணை வரை போன மூன்று மடல்களையும் படித்தேன். திணை அங்கிருந்து பிறந்ததா என்பது இந்தச் சொல்லுக்குத் தேவையில்லை. வினைத்தொகை என்பதுதான் எனக்கு முக்கியம்: சென்ற பதிப்பில் திணித்தது, இப்போது திணிக்கிறது, அடுத்த புதுப்பிப்பில் திணிக்கப்போவது மூன்றும் அதில் அடங்கிவிடும்.

> திணி, கூறு என்று இரண்டு ஏவலாகப் படிப்பார்கள்.

நேற்று ஒன்பதாம் வகுப்பில் பலகையில் எழுதிக் கேட்டேன். மூன்று பேர் அப்படித்தான் படித்தார்கள். 'திணிப்புக் கூறு' என்றதும் விளக்கமே தேவைப்படவில்லை, இந்தித் திணிப்பு என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள். வினைத்தொகையை விட எனக்கு மனமில்லை, இருந்தாலும் கையேட்டில் திணிப்புக் கூறு என்றே போடுகிறேன். கொசுறு கேட்ட இருவரின் மறுப்பையும் சொற்பட்டியலில் குறித்துவைக்கிறேன். 'புல்லுருவி' சொன்னவர் காரணம் எழுதவே இல்லை, இன்றிரவுக்குள் எழுதினால் அதையும் சேர்த்துவிடலாம்.