நாணயத்தில் உளி வைத்தது அப்பனா, பிள்ளையா?

தெற்குவாசல்:
ஸ்டாய்க் இழையில் தேன்கூடு நேற்று எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "டயோஜெனிஸ் சொந்த ஊரில் கள்ள நாணயம் செய்து பிடிபட்டு ஓடிவந்த ஆள். அந்தக் குற்றத்தை மூடி மறைக்கக் கட்டிய கதைதான் சினிக் தத்துவம். மார்க்கஸ் அரேலியஸின் பரம்பரையை இவனோடு சேர்த்துப் பேசுவதே பாவம்." அங்கேயே பதில் எழுதினால் தலைப்புக்குத் தொடர்பில்லை என்று நிர்வாகி நீக்கிவிடுவார். அதனால் தனி இழை. புதியவர்களுக்கு ஒரு வரி: ஸ்டாய்க், சினிக் இரண்டும் பழைய கிரேக்கத் தத்துவ மரபுகள்; டயோஜெனிஸ் பேர்போன சினிக், மார்க்கஸ் அரேலியஸ் ஸ்டாய்க் வழி நின்ற ரோமப் பேரரசர்.

கருங்கடல் கரையில் இருந்த சினோப் நகரத்தில் பணப் பொறுப்பு வகித்தவர் டயோஜெனிஸின் அப்பா ஹிகேசியாஸ். நாணயத்தைக் கெடுத்தது அவர்தான் என்று பழைய எழுத்தாளர் டயோக்லீஸ் சொன்னதாக, தத்துவ ஞானிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லயேர்ட்டியஸ் தன் ஆறாம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அப்பன் செய்த காரியத்துக்குப் பிள்ளையும் ஊரைவிட்டுப் போனான். இதில் கள்ளன் எங்கே வந்தான்? வாய்க்கு வந்ததை எழுதுவதற்கும் ஓர் எல்லை உண்டு.

தேன்கூடு:
எனக்கென்று தனி இழையே திறந்திருக்கிறீர்கள், மிக்க நன்றி. குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடியது உண்மை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்பன் செய்தால் என்ன, மகன் செய்தால் என்ன, வீட்டுக்குள் வந்த பணம் ஒன்றுதானே?

ஓய்வுபெற்றவன்:
சண்டைக்கு முன்னால் ஒரு கேள்வி. சினிக் என்று இங்கே யாரைச் சொல்கிறீர்கள்? எதையும் நம்பாமல் நக்கல் செய்கிறவர்களை இன்று அப்படி அழைக்கிறார்கள். பழைய சினிக்குகள் அப்படி அல்லர். அறம் ஒன்றே போதும், மற்றதெல்லாம் ஊர் கட்டிய சுமை என்று நம்பி அப்படியே வாழ்ந்தும் காட்டினார்கள். இதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

வெண்கலமணி:
தெற்குவாசல், பாதிப் பக்கத்தைப் படித்துவிட்டு இழை திறக்கும் பழக்கத்தை நீங்கள் இன்னும் விடவில்லை. டயோக்லீஸ் சொன்னதற்கு அடுத்த வரியிலேயே, டயோஜெனிஸைப் பற்றி நூல் எழுதிய யூபுலிடெஸ் வருகிறார். நாணயத்தைக் கெடுத்தது டயோஜெனிஸ்தான், அப்பனையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனான் என்கிறார் அவர். அதற்கும் அடுத்த வரி: "போர்டாலஸ்" என்ற நூலில் டயோஜெனிஸே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆளே ஒப்புக்கொண்ட பிறகு நீங்கள் யார் வக்கீல்?

நான் தேன்கூடு பக்கம் பேசவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டயோஜெனிஸ் செய்தார், செய்ததில் வெட்கப்படவும் இல்லை. அதுதான் அவருடைய பெருமை. உங்களைப் போன்ற நல்ல பிள்ளைகள் அவரைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டிவிடப் பார்க்கிறீர்கள்.

சாம்பல்பூனை:
ஒரு சந்தேகம். டயோஜெனிஸ் தன்னைப் பற்றித் தானே ஆறாம் புத்தகம் எழுதிக்கொண்டாரா?

வெண்கலமணி:
அவர் வேறு, இவர் வேறு. சினோப்காரர் இறந்தது கிறிஸ்துவுக்கு முன் 323-ஐ ஒட்டி. எழுதிய லயேர்ட்டியஸ் சுமார் 500 ஆண்டு பிந்தியவர். இதுகூடத் தெரியாமல் இங்கே என்ன வேலை?

சாம்பல்பூனை:
500 ஆண்டு கழித்து எழுதியவர் சொன்னதை வைத்துக்கொண்டு அப்பனா மகனா என்று கத்தும் உங்களுக்கு இங்கே என்ன வேலையோ, அதே வேலைதான்.

தெற்குவாசல்:
வெண்கலமணி ஐயா, பாதிப் பக்கம் படித்தது நானா? அதே ஆறாம் புத்தகத்தில் நூல் பட்டியல் வரும் இடத்துக்குப் போங்கள். டயோஜெனிஸ் எதையுமே எழுதி வைக்கவில்லை என்று சோசிகிரட்டீஸும் சாட்டிரஸும் சொல்வது அங்கே இருக்கிறது. எழுதாத நூலில் ஒப்புதல் வாக்குமூலம் எப்படி வரும்? சொல்லுங்கள்.

இன்னொன்று. சினோப் நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு பக்கம் நகரத்தின் பெயர் கொண்ட நீர்மகளின் தலை, மறுபக்கம் டால்ஃபின் மீது கால் பதித்த கடற்கழுகு. அவற்றில் சிலவற்றில் அதிகாரியின் பெயர் பொறித்திருக்கிறது. யார் பெயர் தெரியுமா? ஹிகேசியாஸ். மகன் பெயர் அல்ல. அப்பன் பெயர், வெள்ளியில் பொறித்தது.

வெண்கலமணி:
இதற்காகத்தான் காத்திருந்தேன். நாணயவியல் என் வீட்டுப் பாடம், தம்பி. உளியால் ஆழமாக வெட்டுப்பட்ட சினோப் வெள்ளிக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. நீர்மகளின் கன்னத்திலேயே வெட்டு விழுந்திருக்கும். அதைப் பார்த்தவர்கள்தான், 'இதோ, கதையில் வரும் கெடுத்த நாணயம்' என்று துள்ளினார்கள். ஹிகேசியாஸ் பெயர் இருப்பது அவர் அதிகாரி என்பதற்குச் சான்று. உளி யார் கையில் இருந்தது என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்? ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்கிறது. நோட்டைக் கிழித்தவர் அவர்தான் என்பீர்களா?

மறுபடியும் சொல்கிறேன்: யூபுலிடெஸ். மகன்தான்.

தேன்கூடு:
இரண்டு அறிஞர்களும் சேர்ந்து குற்றம் நடந்ததை உறுதி செய்ததற்கு வாழ்த்துகள். நான் போய்த் தூங்கலாம்.

தெற்குவாசல்:
தூங்காதீர்கள், இன்னும் இருக்கிறது. அந்தப் பகுதியில் அரமேய (பாரசீக ஆட்சியில் புழங்கிய மொழி) எழுத்துப் பொறித்த போலிகள் புழக்கத்தில் இருந்தன. உளிவெட்டு என்பது அவற்றைச் செல்லாக்காசாக்கி ஒதுக்க நகரமே போட்ட வெட்டாக இருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அப்படியானால் ஹிகேசியாஸ் நாணயத்தைக் கெடுக்கவில்லை, காப்பாற்றினார். அரசியல் மாறியதும் பழி விழுந்தது. தேன்கூடு, கள்ளப் பணத்தை ஒழித்தவரைத்தான் நீங்கள் கள்ளன் என்கிறீர்கள்.

வெண்கலமணி:
"இருக்கலாம்" என்ற ஒரு சொல்லின் மேல் மூன்று மாடி கட்டுகிறீர்கள். ஒருவர் நாணய விஷயத்தைச் சொல்லிக் காட்டியபோது டயோஜெனிஸ் சொன்ன பதில் நினைவிருக்கிறதா? "நீ இப்போது இருப்பதுபோல் நான் இருந்த காலம் அது, நான் இப்போது இருப்பதுபோல் நீ ஒருநாளும் இருக்கப் போவதில்லை." செய்யாதவன் பேசும் பேச்சா இது? "சினோப்காரர்கள் உனக்கு நாடுகடத்தல் விதித்தார்களே" என்றவனிடம், "நான் அவர்களுக்கு ஊரிலேயே கிடக்கும்படி விதித்தேன்" என்றார். உனக்கு என்றுதான் கேட்டான், உன் அப்பனுக்கு என்றல்ல. மகன்தான்.

நிலாமுற்றம்:
சினிக்குகளைப் பற்றிய இழை என்று ஆவலோடு வந்தேன். இவ்வளவு நேரமாக ஒரு உளியைச் சுற்றியே வருகிறீர்கள். மரோனேயாவின் ஹிப்பார்க்கியா பெயரை ஒருவராவது சொன்னீர்களா? செல்வர் வீட்டுப் பெண். ஏழையாக வாழ்ந்த சினிக் கிரேட்டீஸைத் தவிர வேறு யாரையும் மணக்க மாட்டேன் என்று நின்றார். கிரேட்டீஸ் அவர் முன்னால் ஆடையைக் களைந்து, "மாப்பிள்ளை இதுதான், அவன் சொத்தும் இதுதான், யோசித்துக்கொள்" என்றபோதும் பின்வாங்கவில்லை. லிசிமாக்கஸ் மன்னன் வீட்டு விருந்தில் தியோடோரஸ் என்ற தத்துவவாதியை வாதத்தில் மடக்கினார். பதில் சொல்ல முடியாத அந்த ஆள் அவருடைய மேலாடையைப் பிடித்து இழுத்தான். தறியை விட்டு வந்தவள்தானே நீ என்று கேலி பேசினான். தறியில் கழிக்க வேண்டிய நேரத்தைக் கல்வியில் கழித்தது தவறா என்று திருப்பிக் கேட்டார். இதைப் பேசுங்களேன்.

வெண்கலமணி:
நல்ல தகவல் அம்மா. ஆனால் இந்த இழை நாணயத்தைப் பற்றியது.

நிலாமுற்றம்:
தியோடோரஸ் மேலாடையையாவது இழுத்தான். நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எபிக்டெட்டஸ் என்ற ஸ்டாய்க்கைப் பற்றிய இழையிலும் என்னை இப்படித்தான் அனுப்பி வைத்தீர்கள், மறக்கவில்லை.

தேன்கூடு:
தூக்கம் வரவில்லை. என் முக்கிய வாதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஸ்டாய்க்குகளுக்கே இந்த உறவு கூச்சமாக இருந்தது. ஸ்டாய்க் மரபைத் தொடங்கிய ஜீனோவின் "குடியரசு" நாயின் வாலில் எழுதியது என்று கேலி பேசினார்கள் (சினிக் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நாய் போன்றவர் என்று பொருள்). பெர்கமம் நூலகப் பொறுப்பில் இருந்த அதெனொடோரஸ் என்ற ஸ்டாய்க் தங்கள் நூல்களில் சங்கடமான பகுதிகளை வெட்டியே எடுத்தார், பிறகு பிடிபட்டார்.

தெற்குவாசல்:
கூச்சப்பட்டால் உறவு இல்லை என்று ஆகிவிடுமா? கப்பல் உடைந்து ஏதென்ஸ் வந்து சேர்ந்த ஜீனோ, புத்தகக் கடையில் சாக்ரட்டீஸைப் பற்றி வாசிக்கக் கேட்டு, இப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று விசாரித்தார். தெருவில் போய்க்கொண்டிருந்த கிரேட்டீஸைக் கடைக்காரர் காட்டினார். அந்த கிரேட்டீஸ்தான் ஜீனோவின் வெட்கத்தைப் போக்க ஒரு பானை பருப்புக் கஞ்சியைக் கொடுத்து ஊர் நடுவே தூக்கிப் போகச் சொன்னார். ஜீனோ பானையை மறைக்கப் பார்த்தார். கிரேட்டீஸ் தடியால் தட்டிப் பானையை உடைத்தார். கால் வழியே கஞ்சி ஒழுக ஓடியவரைப் பார்த்து, "ஏன் ஓடுகிறாய், குட்டிப் பினீசியனே? உனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே" என்றார். உங்கள் ஸ்டாய்க் பரம்பரை அந்தக் கஞ்சியில்தான் தொடங்கியது.

மார்க்கஸ் அரேலியஸ் என்கிறீர்களே, அவருடைய குறிப்பேட்டின் எட்டாம் பகுதியில் அலெக்சாண்டர், சீசர், ரோமத் தளபதி பாம்பேயை ஒரு பக்கமும் டயோஜெனிஸ், ஹெராக்ளிட்டஸ், சாக்ரட்டீஸை மறுபக்கமும் வைத்து, இவர்களுக்கு முன்னால் அவர்கள் எம்மாத்திரம் என்று கேட்கிறார். நீங்கள் பாவம் என்றதை அந்தப் பேரரசரே செய்திருக்கிறார்.

தேன்கூடு:
அவருக்கு நாணய விஷயம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்றவன்:
நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. போகட்டும். சினிக்குகளின் தாக்கம் என்று பேசினால் ஒனெசிகிரிட்டஸைச் சொல்லியாக வேண்டும். டயோஜெனிஸின் சீடர், அலெக்சாண்டரின் கப்பலைச் செலுத்தியவர். தட்சசீலத்தில் நம் நாட்டுத் துறவிகளைச் சந்திக்க மன்னர் இவரைத்தான் அனுப்பினார். பேச்சு மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகப் போய் வந்தது. கேட்க வேண்டுமானால் ஆடையைக் களைந்துவிட்டு வந்து இந்தக் கல்லில் உட்கார் என்றார் அவர்களில் ஒருவரான கலனஸ். மூத்தவரான மண்டனிஸ்தான் இதமாகப் பேசினார். மொழி தவிர வேறெதுவும் தெரியாத மூன்று பேர் வழியே தத்துவம் சொல்வது, சேற்றின் வழியே தெளிந்த நீரை ஓடச் சொல்வது போல என்றாராம். புவியியல் எழுதிய ஸ்ட்ராபோ இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சாம்பல்பூனை:
இந்த இழையில் சேறு மட்டும்தான் ஓடுகிறது.

வெண்கலமணி:
ஒனெசிகிரிட்டஸ் புளுகர் என்று அதே ஸ்ட்ராபோ சொல்லியிருக்கிறார். அவரை இங்கே கொண்டு வராதீர்கள்.

மையப் புள்ளிக்கு வருகிறேன். பணத்தைப் பற்றி இந்தக் கூட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். சினிக் மோனிமஸ் முதலில் கொரிந்தில் ஒரு வட்டிக்கடைக்காரரின் அடிமை. பைத்தியம் பிடித்தவன்போல் நடித்து, மேசை மேல் இருந்த சில்லறையையும் பணத்தையும் வாரி இறைத்தான். முதலாளி விரட்டிவிட்டதும் நேரே டயோஜெனிஸிடம் போய்ச் சேர்ந்தான். கிரேட்டீஸ் சொத்தை விற்று வந்த சுமார் 200 தாலந்தை ஊராருக்குப் பங்கிட்டார். டயோஜெனிஸ் தன் "குடியரசில்" காசுக்குப் பதில் ஆட்டுக் கணுக்கால் எலும்பைப் புழங்கச் சொன்னதாக அதீனேயஸ் என்ற பழைய எழுத்தாளர் எழுதுகிறார். மூன்று பேருக்கும் காசின் மேலேயே கை போகிறது. அந்த ஆசை முதலில் யாருக்கு வந்திருக்கும்? பொறுப்பான அரசு அதிகாரியான அப்பனுக்கா? மகன்தான். மகன்தான்.

தெற்குவாசல்:
டயோஜெனிஸ் எதையும் எழுதவில்லை என்று மேலே சான்று கொடுத்தேன். இப்போது "குடியரசு" எங்கிருந்து வந்தது? உங்களுக்கு வேண்டும்போது எழுதுவார், வேண்டாதபோது எழுதமாட்டாரா?

வெண்கலமணி:
எழுதினார் என்று பட்டியல் கொடுப்பவர்களும் அதே பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவா? போன ஆண்டு வாசகர் சந்திப்பில் என்னிடம் இரவல் வாங்கிப் போன புத்தகத்தில்தான் அது இருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை.

தெற்குவாசல்:
தனிப்பட்ட விஷயத்தை இங்கே இழுப்பது அழகல்ல. அட்டை பிய்ந்த புத்தகத்தைக் கொடுத்தது நீங்கள். தைத்துக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

தேன்கூடு:
ஆக, சினிக் ரசிகர் அடுத்தவர் பொருளைத் திருப்பித் தரவில்லை. நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

நிலாமுற்றம்:
அந்தப் புத்தகத்தில் ஹிப்பார்க்கியாவுக்கு எத்தனை பக்கம் இருக்கிறது என்றாவது யாராவது பார்த்துச் சொல்வீர்களா?

வெண்கலமணி:
பார்க்கப் புத்தகம் என்னிடம் இல்லையே, அம்மா. தெற்குவாசலைக் கேளுங்கள். உளிவெட்டு விழுந்த காசுகள் பற்றி நாளை காலை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் யாரும் "அப்பன்" என்று எழுத வேண்டாம்.

தெற்குவாசல்:
அப்பன்.